நினைவுக்கு மருந்து: ஏலாதி முதல் மாத்திரைப் புட்டி வரை

சென்ற ஜனவரியில் ஒரு நாள் பிற்பகல், எங்கள் துறைக்கு ஒரு மாணவி தன் தாயாரை அழைத்து வந்தாள். தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். அன்று அரை ஷிப்ட் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாணவியின் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதங்கூட இல்லை. கையிலிருந்த துணிப்பையிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். வல்லாரை கேப்சூல் ஒரு புட்டி, பிரமி சேர்ந்த சிரப் ஒன்று, இரும்பும் கால்சியமும் பலவகை வைட்டமின்களும் கலந்த மாத்திரை ஒரு புட்டி, மீன் எண்ணெய் கேப்சூல் ஒரு புட்டி. நான்கும் சேர்ந்து அவருடைய சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதியைத் தின்றிருக்கும்.

“ஏனுங்கய்யா, நீங்க சித்தர் பாட்டெல்லாம் சொல்லித் தர்றீங்கன்னு பாப்பா சொல்லுச்சுங்க. இதுல எதை எதோட சேர்த்துக் குடுக்கோணும்னு கொஞ்சம் சொல்லுங்க. நாலையும் ஒண்ணாக் குடுத்தாப் படிச்சது புள்ளைக்கு மனசுல நிக்குமுங்களா?”

நான் மருத்துவன் அல்லன், தமிழ் படித்தவன். “டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா” என்றுதான் சொன்னேன். ஆயினும் அவருடைய கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை. எது நல்ல மருந்து என்று அவர் கேட்கவில்லை. எதை எதோடு சேர்ப்பது என்று கேட்டார். மருந்தைப் பற்றி நம் மரபு கேட்டுவந்த பழங்கேள்வி அது. அதற்கு முன்னோர் தந்த விடை யாது, இடைக்காலத்தில் அவ்விடை என்னவாயிற்று, இன்றைய ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன என்று பின்வந்த வாரங்களில் தேடிப் படித்தேன். அதன் தொகுப்பே இக்கட்டுரை.

ஆறு சரக்கும் ஆறு அளவும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரால் வழங்குவதை நண்பர்கள் அறிவர். நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றைக் குறிப்பது. காரியாசானின் சிறுபஞ்சமூலம் கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தன் வேர்களைக் குறிப்பது. கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலம் முதலாகிய ஆறு பொருள்களாலான சூரணத்தின் பெயர். மூன்றும் அறநூல்களே, மருத்துவ நூல்கள் அல்ல. மருந்து உடற்பிணியைத் தீர்ப்பதுபோல, ஒரு பாடலில் சேர்த்துச் சொல்லப்படும் மூன்று, ஐந்து, ஆறு கருத்துகள் உள்ளப்பிணியைத் தீர்க்கும் என்பது பெயர்க்காரணம். படிப்பவருக்கு அந்தக் கூட்டுமருந்துகள் வீட்டளவில் தெரிந்திருந்தால் அல்லவா அப்படிப் பெயரிட முடியும்? சங்கம் மருவிய காலத்திலேயே கூட்டுமருந்து பொதுவழக்காக இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இவற்றின் சரக்குகளைப் பட்டியலிடுக என்று நான் இருபதாண்டுகளாக இரண்டு மதிப்பெண் வினா கேட்டுவருகிறேன். ஆனால் ஏலாதியின் அளவை ஒருமுறையும் கேட்டதில்லை. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று உரைமரபு அதைத் தெளிவாகவே சொல்லுகிறது. ஆக மொத்தம் இருபத்தொரு பங்கு. மணமுள்ள ஏலம் பெயருக்கு முதலில் நின்றாலும் அளவில் கடைசியில் நிற்கிறது. நல்லவை ஆறும் சேர்ந்தால் ஆறுமடங்கு நன்மை என்று அந்த மருத்துவன் எண்ணவில்லை. எது எவ்வளவு என்பதே அவனுக்கு மருந்து.

அளவுக்கு மேலும் சில கட்டுகளை மரபு விதித்தது. மருந்தைத் தேனில் தருவதா, நெய்யில் தருவதா, பாலிலா, வெந்நீரிலா என்பது அனுபானம். உண்ணுங்காலத்தில் எதைத் தவிர்ப்பது என்பது பத்தியம். சரக்குகளுக்குள்ளும் ஒன்றையொன்று வளர்ப்பன மித்துரு என்றும், ஒன்றையொன்று கெடுப்பன சத்துரு என்றும் சித்த மருத்துவம் பகுத்தது. இப்பகுப்பைப் பெரும்பாலும் பாடாணங்கள், உப்புகள் முதலியவற்றுக்கே விரித்துச் சொன்னார்கள் என்றாலும், சேர்க்கையைப் பற்றி நினைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் எனக்குத் தெரியவில்லை. இக்கட்டுரை முழுவதிலும் இவ்விரு சொற்களையே கையாளப்போகிறேன்.

திரிகடுகு இத்தனை மருந்துகளில் ஏன் துணைச்சரக்காக வருகிறது என்பதற்கு இன்றைய அறிவியலில் ஒரு விளக்கம் உண்டு. மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்னும் பொருள் இருக்கிறது. அது வேறு சில பொருள்களைக் குடலும் கல்லீரலும் விரைந்து அழித்துவிடாமல் தடுத்து, இரத்தத்தில் கூடுதலாகச் சேரச் செய்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது, இரத்தத்தில் சேரும் குர்குமினின் அளவு பன்மடங்கு உயர்ந்தது. மிளகு மஞ்சளுக்கு மித்துரு. ஆனால் வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவையும் அதே பைப்பரின் இரத்தத்தில் உயர்த்திவிடும். அங்கே அதே மிளகுச்சத்து சத்துருவாகக்கூடும். கறியில் போடும் மிளகைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. செறிவாக்கிக் கேப்சூலில் அடைத்ததைப் பற்றியே சொல்லுகிறேன்.

வல்லாரை என்றும் பிரமி என்றும்

நினைவாற்றலுக்கு மருந்து தேடியவர்கள் நாம் மட்டும் அல்லர். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, மேதையை வளர்க்கும் இரசாயனங்கள் என்று நான்கைக் கூறுகிறது. மண்டூகபரணியின் சாறு, பாலோடு அதிமதுரப் பொடி, சீந்திற்சாறு, சங்கபுஷ்பியின் விழுது. இவற்றில் கவனிக்க வேண்டியது, நான்கும் நான்கு தனி முறைகளாகச் சொல்லப்பட்டுள்ளன என்பதே. ஒன்று சாறு, ஒன்று பொடி, ஒன்று விழுது. இன்று கடையில் விற்கும் ‘மூளைக்கான மூலிகை’ கேப்சூல்களில் இந்நான்கையும் இன்னும் சிலவற்றையும் பொடித்து ஒரே கூட்டில் அடைத்திருப்பதைக் காணலாம். பெயர்கள் பழையன; சேர்க்கை புதியது.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. மண்டூகபரணி என்பது நம் வல்லாரை. தமிழில் அதற்குச் சரசுவதி என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. பிரமி அல்லது நீர்ப்பிரமி என்பது வேறு செடி. சிறிய தடித்த இலைகளோடு சதுப்பில் படர்வது. ஆனால் வடநாட்டுச் சந்தைகளில் வல்லாரையே பிரமி என்ற பெயரில் விற்கப்படுவது நெடுங்கால வழக்கம். சங்கபுஷ்பி நிலைமை இன்னும் மோசம். வடக்கே ஒரு கொடியையும், சிலர் விஷ்ணுகிரந்தியையும், கேரளத்தில் காக்கட்டான் என்னும் சங்குப்பூவையும் அப்பெயரால் வழங்குகிறார்கள். ஆகவே புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைக் கொண்டு உள்ளே இருக்கும் செடியை முடிவுசெய்துவிட முடியாது.

எங்கள் வீட்டில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. தேர்வுக் காலங்களில் அம்மா வாய்க்கால் ஓரத்திலிருந்து வல்லாரை பறித்துவந்து, தேங்காயும் புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பார். யாழ்ப்பாணத்தார் வல்லாரையில் சம்பல் செய்வதும் இதே நம்பிக்கையில்தான். நினைவு வளர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

பின்னர் அம்மா அந்தக் கீரையைப் பறிப்பதை நிறுத்திவிட்டார். நொய்யலில் சாயநீர் ஓடத் தொடங்கியிருந்தது. 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவின் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாடறிந்த வரலாறு. வல்லாரையைப் போன்ற ஈரநிலக் கீரைகள் மண்ணிலும் நீரிலும் உள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையவை. எந்த மூலிகை என்பதைப்போலவே எந்த நீரில் வளர்ந்தது என்பதும் ஒரு கேள்வி. புட்டியைப் பார்த்து அதை அறிய வழியில்லை.

1996

மூலிகை கீரைக்கட்டிலிருந்து புட்டிக்குள் புகுந்த கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனியிடம் உண்டு. லக்னோவில் 1951-இல் நிறுவப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. எலிகளில் கற்றலையும் நினைவையும் சோதித்து, அச்செடியிலுள்ள பேக்கோசைடு என்னும் பொருள்களே வினைசெய்வன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அவற்றைக் குறிப்பிட்ட அளவில் கொண்ட சாரம் 1996-இல் ‘மெமரி ப்ளஸ்’ என்னும் பெயரில் கேப்சூலாகச் சந்தைக்கு வந்தது. விற்றது சென்னையைச் சேர்ந்த வெல்வெட் நிறுவனம். சாஷே ஷாம்பு வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு முன்பே அறிமுகமான பெயர். விளம்பரத்தில் தோன்றியவர் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த். முந்தைய ஆண்டுதான் அவர் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் உலகப்பட்டத்துக்கு ஆடியிருந்தார். நினைவுக்கு மருந்து விற்க அவரைவிடப் பொருத்தமான முகம் அன்று இந்தியாவில் இல்லை.

நான் பிளஸ் டூ படித்தது 1996-97இல். அந்த விளம்பரம் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கட்டிங் மாஸ்டர். மருந்துக் கடையில் விலை கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது. மருந்து வாங்கித்தர முடியவில்லையே என்ற குறை அவருக்கு நெடுநாள் இருந்தது. பையை மேசைமேல் கவிழ்த்த அந்த அம்மாவின் முகத்தில் நான் கண்டதும் அதே கவலையின் மறுபக்கந்தான். அப்பாவால் முடியாததை இவர் முடித்திருக்கிறார். சரியாக முடித்தோமா என்ற ஐயம் மட்டும் மிச்சம்.

அந்த மருந்து வீணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அதே லக்னோ நிறுவனத்தின் ஆய்வில் பிறந்த பிரமிச் சாரத்தை ஆஸ்திரேலியாவில் நலமுள்ள பெரியவர்களிடம் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 300 மி.கி. வீதம் 12 வாரங்கள் கொடுத்தபோது கற்கும் வேகத்திலும் செய்தியை உள்வாங்குவதிலும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. ஐந்தாம் வாரத்தில் சோதித்தபோது அம்முன்னேற்றம் இல்லை. பின்வந்த சில ஆய்வுகளும் இதே திசையில், சிறிய அளவிலான பயனையே காட்டின. வயிற்றுப் புரட்டலும் அடிக்கடி மலம் கழிதலும் சிலருக்கு ஏற்பட்டன. ஆக, இரண்டு மாதத்துக்குள் தேர்வு எழுதப்போகும் ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் வாங்கிய பிரமி எந்த வகையில் உதவும் என்பது ஐயமே.

மீன் எண்ணெய்க்கும் இதுபோல் ஒரு கதை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல், படிப்பில் பின்தங்கிய சிறுவர்களிடம் அதில் பயன் கண்டதாக எழுதினார்கள். ஆனால் அதே குழுவினர் மீண்டும் செய்துபார்த்து 2018-இல் வெளியிட்டபோது அப்பயன் தென்படவில்லை.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது என்றும் பார்த்தேன். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எவற்றைத் தீர்ப்பதாக ஒரு மருந்து உரிமை கோரக்கூடாது என்னும் பட்டியல் அது. மூளைத்திறனைப் பெருக்குவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆனால் இன்று பெரும்பாலான புட்டிகள் மருந்தாக விற்கப்படுவதில்லை. 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2016 ஒழுங்குமுறைகளின்படி அவை ‘உணவுத் துணைப்பொருள்’ ஆகின்றன. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற வாசகம் அவற்றின்மேல் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அம்மா வைத்த புட்டிகளில் இரண்டில் அவ்வாசகம் இருந்தது. அவர் அதைப் படித்திருக்க வழியில்லை.

டீ என்னும் கூட்டு

மேலைநாட்டில் இத்தகைய பொருள்களுக்குத் தனிப்பெயரே உண்டாயிற்று. ருமேனியரான கோர்னெலியு ஜுர்ஜியா 1972-இல் ‘நூட்ரோபிக்’ என்ற சொல்லைப் படைத்தார். மனத்தைத் திருப்புவது என்பது அதன் கிரேக்கப் பொருள். பலவற்றை ஒன்றாக உட்கொள்வதை அந்நாட்டு இளைஞர்கள் ‘ஸ்டாக்’, அதாவது அடுக்கு என்கிறார்கள். அடுக்குதல் என்பது சரியான சொல்தான். ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாராதது.

இந்த அடுக்குகளில் ஓரளவு நல்ல சான்றுள்ள ஒன்று, திருப்பூரில் கிளாஸ் கிளாஸாக நாம் குடிப்பதுதான். தேயிலையில் காஃபீனும் இருக்கிறது. 1949-இல் ஜப்பானியர் கண்டறிந்த தியானின் என்னும் பொருளும் இருக்கிறது. 50 மி.கி. காஃபீனோடு 100 மி.கி. தியானின் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சோதனையில் வேகமும் பிழையின்மையும் கூடின, கவனச்சிதறல் குறைந்தது. அவ்வளவு தியானின் ஒரு கிளாஸ் டீயில் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் நீலகிரித் தேயிலையின் இந்த இயற்கைக் கூட்டுதான், காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பவர்டேபிள் முன்னால் அமர்ந்திருப்பவர்களைத் தைக்க வைக்கிறது. ஒன்றரை ஷிப்ட் என்பது காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கும் அப்பால் நீளும் வேலை. டீ டைம் இல்லாமல் அதைத் தாண்டுவது யாராலும் ஆகாது.

டீக்கு ஒரு சத்துரு உண்டு என்பதை இந்தத் தேடலில்தான் தெளிவாக அறிந்தேன். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடுகின்றன. 1975-இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு இதைத் திட்டமாகக் காட்டியது. நம்மைப்போலவே சோறும் டீயுமாக வாழ்ந்த பெண்கள் அவர்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது பெரிதும் குறைந்தது.

காலையில் சமைத்து முடித்து, கம்பெனி வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு டீயோடும் பன்னோடும் கிளம்பும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மதியச் சோற்றில் கொஞ்சம் கீரை. சாப்பிட்ட கையோடு மீண்டும் டீ. கவனத்தைத் தருவதாக அவள் நம்பும் பானம், கவனத்துக்கு வேண்டிய வேறொன்றை நாள்தோறும் பறித்துக்கொண்டிருக்கிறது.

நீல மாத்திரை

இரும்புக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு? இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு என்பது பள்ளிப்பாடம். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் போன்ற பொருள்களை உடல் உண்டாக்குவதற்கும் அது வேண்டும். நம்மூரில் நினைவுக் கேப்சூல் விற்பனைக்கு வந்த அதே 1996-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகர உயர்நிலைப்பள்ளி மாணவியரிடம் செய்த ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வெளிவந்தது. அம்மாணவியர் இரத்தசோகை உடையவர்கள் அல்லர். உடலில் இரும்பின் சேமிப்பு மட்டுமே குறைந்திருந்தவர்கள். எட்டு வாரங்கள் இரும்பு மாத்திரை உண்டவர்கள், உண்ணாதவர்களைவிடச் சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் சிறந்து நின்றார்கள். 2007-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, இரும்புக்குறை நீங்கிய இளம்பெண்களுக்குக் கவனம், நினைவு, கற்றல் மூன்றும் மேம்பட்டதைக் காட்டியது.

நமக்கு நெருக்கமான சான்று டார்ஜிலிங்கிலிருந்து வருகிறது. அங்கே தேயிலை பறிக்கும் பெண்களுக்கு, இரும்பும் அயோடினும் சேர்ந்த இருமுறைச் செறிவூட்டிய உப்பைப் பல மாதங்கள் கொடுத்துச் சோதித்து 2017-இல் முடிவை எழுதினார்கள். அயோடின் மட்டும் சேர்ந்த உப்பை உண்டவர்களைவிட இவர்களின் கவனமும் நினைவும் மேம்பட்டிருந்தன. கவனத்துக்கும் நினைவுக்குமான துணைச்சத்துகளின் சேர்க்கை என்று ஒன்றைத் தேடினால், உழைக்கும் இந்தியப் பெண்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட கூட்டு இது. அதன் விலையோ உப்பின் விலை. இதே வகை உப்பைத் தமிழ்நாடு உப்புக் கழகம் நம் மாநிலத்திலும் தயாரித்தது. 2014-இல் அறிமுகமான அம்மா உப்பு வகைகளில் ஒன்றாகவும் அது விற்கப்பட்டது. எத்தனை பேர் அதைக் கவனித்து வாங்கினோம்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019-21இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்று கண்டது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். மகளிர் வகுப்பு ஒன்றில் நின்று பாடம் நடத்தும்போது இந்த எண்ணை நினைத்துக்கொண்டால், பின்வரிசையில் கண்சொக்கி இருப்பவளை ‘கவனமில்லாதவள்’ என்று சொல்ல வாய் வராது.

அரசு இதை அறியாமல் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை இலவசம். 2018-இல் திருத்தப்பட்ட அளவின்படி 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது, நீல நிறத்தது. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் உண்டு. ஏலாதியைப்போலவே இதிலும் அளவு சொல்லப்பட்டிருக்கிறது, காலமும் சொல்லப்பட்டிருக்கிறது. அனுபானம் மட்டும் பிள்ளைகளைச் சென்று சேர்வதில்லை.

அந்த அனுபானத்தைச் சொல்லிவிடுகிறேன். இரும்புக்கு மித்துரு வைட்டமின் சி. நெல்லிக்காயோ, எலுமிச்சைச்சாறோ, கொய்யாவோ உடன் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சத்துரு டீயும் காப்பியும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விலகி நிற்க வேண்டும். பாலும் கால்சியமும்கூட ஒரே வேளையில் இரும்பைத் தடுப்பவை. எனவே இரும்பையும் கால்சியத்தையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்பது சத்துருக்கள் இருவரை ஓரறையில் பூட்டுவது போன்றது. வெறும்வயிற்றில் புரட்டுகிறவர்கள் உணவுக்குப்பின் உண்ணலாம். மலம் கறுத்துப் போவது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. பி12 குறைந்தாலும் மறதி உண்டாகும். முட்டையும் பாலும் மீனும் அறவே இல்லாத வீடுகளில் அதையும் சோதித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முன், இரத்தப் பரிசோதனை. குறை இருப்பவருக்கே நிறைப்பு பயன்படும். குறையில்லாதவர் இரும்பை மிகுதியாக உண்டால் கேடு.

கீரைக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்து மூலனூர்ப் பகுதி முருங்கைக்குப் பெயர்பெற்றது. முருங்கையிலைப் பொடி இன்று வெளிநாடுகளில் துணைச்சத்துக் கேப்சூலாக விற்கப்படுகிறது. இங்கே முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு கீரையைத் தெருவில் விட்டுவருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கற்றது நினைவில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் 1924-லேயே சோதித்துக் காட்டினார்கள். படித்தபின் உறங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்துவிட்டு நினைவு மாத்திரை கொடுப்பது, தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு நீர் ஊற்றுவதாகும்.

மீண்டும் அந்தத் துணிப்பை

இரண்டு வாரங்கள் கழித்து மாணவியிடம் சொல்லி அந்த அம்மாவை மீண்டும் வரச் சொன்னேன். இம்முறை ஞாயிற்றுக்கிழமை, தங்கையும் வந்திருந்தாள். மெலிந்த பெண்; மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கினாள். பள்ளியில் நீல மாத்திரை தருகிறார்களா என்று கேட்டேன். தாயார் முந்திக்கொண்டார்.

“தர்றாங்கய்யா. அதைத் தின்னா வயித்தப் பெரட்டுதுங்குது. சும்மாக் குடுக்கறதுதானுங்களே, அதுல என்ன இருக்கப்போவுதுன்னு நானும் வற்புறுத்தறதில்லீங்க.”

சும்மா கிடைப்பதில் என்ன இருக்கப்போகிறது என்ற அந்தச் சொல்லைத் தாயாரின் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விலை உள்ளதே மருந்து என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? என் அப்பாவுக்கு அந்தக் குறையை உண்டாக்கியது எது? பிள்ளையின் படிப்பின்மேல் உள்ள பயத்தை விற்பனைப் பொருளாக்கிய முப்பதாண்டுக் காலந்தான்.

அரசு மருத்துவமனையில் இருவருக்கும் இரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், மகளுக்கு 9-ஐ ஒட்டியும் தாய்க்கு அதற்குச் சற்று மேலும் இருந்தது. மருத்துவர் நான்கு புட்டிகளையும் ஓரமாக வைக்கச் சொன்னார். இருவருக்கும் இரும்பு மாத்திரை எழுதினார். மூன்று மாதங்கள் விடாமல் உண்ண வேண்டும், டீயோடு கூடாது, இரவில் பிள்ளை உறங்க வேண்டும் என்றார்.

தேர்வு முடிந்தது, தங்கை தேறிவிட்டாள். மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொன்னால் நானும் ஒரு புட்டியை விற்பவனாவேன். படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்று அக்காள் சொன்னாள். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். ஒரு மாதம் உண்டாராம்; பிறகு ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியில் தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் வந்ததும் விட்டுவிட்டாராம். “பதினொரு மணி டீயை விடமுடியாதுங்கய்யா, கண்ணு சொருகிருதுன்னு சொல்லுதுங்க.” டீயை விட வேண்டியதில்லை, மாத்திரையை இரவு உணவுக்குப் பின் மாற்றிக்கொள்ளச் சொல் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் மீண்டும் ஏலாதி பாடம் வருகிறது. ஆறு சரக்குகளைக் கேட்கும் அந்த இரண்டு மதிப்பெண் வினாவை இம்முறை அளவோடு சேர்த்து ஐந்து மதிப்பெண்ணாக்கலாம் என்று நினைக்கிறேன்.